மேல் பலகையில் ஓர் இடம்

சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் நீராவிக் குளியல் குடிலான சவுனாவுக்கு அடுப்பு மூட்டுவது மார்லிஸ் லஹ்தியின் வேலை. விறகு பிளப்பது அவள் கணவன் டுவேனின் வேலையாகத்தான் இருந்தது. மார்ச் மாதத்திலிருந்து அதையும் அவளே செய்கிறாள். யாராவது கேட்டால் உடம்பு இளைக்கத்தான் என்பாள். அன்றைக்கும் பிர்ச் மரக் கட்டைகளைப் பிளந்து, அடுப்பில் அடுக்கி, பட்டையைச் சுருட்டிப் பற்ற வைத்தாள். புகை மேலே போகாமல் கூரையிலேயே படிந்து கிடந்தது. ஏரிப் பக்கம் வானம் ஈயத் தகடு மாதிரி இருந்தது. அக்டோபர் இன்னும் முடியவில்லை.

அவள் கல்யாணமாகி வந்தபோது இந்த நிலத்தில் வீடு கிடையாது. எங்கள் பக்கத்தில் ஃபின்லாந்துக்காரர்கள் வழக்கப்படி முதலில் சவுனாவைத்தான் கட்டினார்கள். கட்டைச் சுவர், இரும்படுப்பு, அதன்மேல் குவித்த ஏரிக்கரைக் கற்கள், ஏறி உட்கார இரண்டு பலகைகள். ஒரு குளிர்காலம் முழுக்க அதற்குள்ளேயே குடித்தனம். மூத்த பெண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து படுக்க வைத்ததும் அந்தக் கீழ்ப் பலகையில்தான். அன்று கட்டை தூக்கக் கை கொடுத்தவன் கிளார்க் ஹோபன், டுவேனோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்தவன். அதற்குப் பிறகு சனிக்கிழமைக் குளியல் அவனுக்கு இங்கேதான்.

இப்போது கிளார்க் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், சாலைத் துறைக்கு சூப்பரின்டென்டென்ட். டுவேன் அவனுக்குக் கீழே பனி தள்ளும் லாரி ஓட்டுகிறான். சவுனாவுக்குள் அந்தக் கணக்கு கிடையாது. துணியோடு பதவியும் வெளியறை ஆணியில் தொங்கும். உள்ளே பேசியது உள்ளேயே இருக்கும். மகன் ஜெயிலுக்குப் போனதைச் சொல்லி அங்கே அழுத ஒருவரிடம், மறுநாள் சர்ச்சில் எல்லோரும் உருளைக்கிழங்கு விளைச்சலைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஆனால் டுவேன் தன் இடது கையைப் பற்றி அங்கேகூடச் சொல்லவில்லை.

மார்ச்சில் ஏரியோரச் சாலையில், பாறை விளிம்பை ஒட்டி லாரி திரும்பும் இடத்தில், அந்தக் கை திடீரென்று செத்துப்போனது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பனி தள்ளும் தகடு ஓரக் கம்பியைக் கிழித்துக்கொண்டு போய் நின்றது. கம்பிக்கு அந்தப் பக்கம் ஏரிதான். கொஞ்ச நேரத்தில் கை தானாகவே உயிர்பெற்றது. மான் குறுக்கே வந்தது என்று எழுதிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து மார்லிஸிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். டாக்டரிடம் போனால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனால் வேலை போய்விடும். பென்ஷனுக்கு இன்னும் நான்கு குளிர்காலம் இருந்தது.

இந்த நிலையில்தான் பழைய ஃபோர்மேன் ஓய்வு பெறுகிறார் என்று டிப்போவில் அறிவிப்பு ஒட்டினார்கள். துறைக்குள் இருப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம். ஃபோர்மேன் லாரி ஓட்ட வேண்டாம். ஆபீஸ் அறையில் ரேடியோ முன்னால் உட்கார்ந்து எந்த லாரி எங்கே போக வேண்டும் என்று சொன்னால் போதும். டுவேன் அன்றைக்கே விண்ணப்பித்தான். செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ.

மார்லிஸ் சமையலறைக்குத் திரும்பியபோது அவன் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துப் பதில் ஒத்திகை செய்துகொண்டிருந்தான்.

“என்னடா, உன்னையே இன்டர்வியூ பண்றியா? வேலை கிடைச்சுதா?”

“கிடைச்ச மாதிரிதான். நேத்து கிளார்க் என்ன சொன்னான் தெரியுமா? திங்கக்கிழமை ட்ரெவரைக் கூட்டிட்டுப் போய் ஏரி ரோடு முழுக்கக் காட்டச் சொன்னான். எங்க தண்ணி தேங்கும், எங்க முதல்ல உறையும், எல்லாத்தையும்.”

ட்ரெவர், கவுண்டி போர்டு தலைவரின் மருமகன். ஒன்றரை வருஷமாகத்தான் டிப்போவில் இருக்கிறான். சாலைப் பலகைகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை.

“அவனுக்கு எதுக்கு அதெல்லாம்?”

“என் லாரிக்கு ஆள் வேணாமா? நான் ஆபீசுக்குள்ள போயிட்டா ஏரி ரோட்டை யார் பாக்கறது? உனக்குக் கொஞ்சம்கூடக் கணக்கு வராது, மார்லிஸ்.”

“அவன் பெரிய லாரி லைசென்ஸ் வாங்கிட்டானா?”

“வாங்குவான்.”

“நேத்து அவன் எங்க இருந்தான்?”

டுவேன் கொஞ்சம் யோசித்தான். “ஆபீஸ்ல. ரேடியோ பக்கத்துல உக்காந்திருந்தான். சும்மா வேடிக்கை பாக்க.”

லாரி ஓட்டப்போகிறவனுக்கு ரேடியோ எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அடுப்பிலிருந்து ஏலக்காய் ரொட்டியை எடுத்து ஆற வைத்தாள். டுவேன் ஒரு துண்டு பிய்க்க இடது கையை நீட்டினான். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வலது கையால் எடுத்தான். இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

இருட்ட ஆரம்பிக்கும் நேரத்தில் கிளார்க்கின் வண்டி வந்தது. கிளார்க் எப்போதும் தனியாகத்தான் வருவான், வெறுங்கையோடு. அன்று மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு ட்ரெவரும் இறங்கினான். கிளார்க்கின் கையில் தாளில் சுற்றிய பெரிய மீன், புகையில் வாட்டியது.

“எதுக்குடா இதெல்லாம்?” என்றான் டுவேன். “இத்தனை வருஷமா எங்க ரொட்டியை ஓசியில தின்னவனுக்கு திடீர்னு என்ன வெக்கம்?”

“வழியில வித்தாங்க, வாங்கினேன். பிடி.” கிளார்க் அவன் முகத்தைப் பார்க்காமல் மார்லிஸிடம் நீட்டினான். மீன் கனமாக இருந்தது.

“ட்ரெவருக்கு சவுனா பழக்கமே இல்லையாம்” என்றான் பிறகு. “கத்துக்கட்டும்னு கூட்டிட்டு வந்தேன்.”

“வாடா தம்பி, உன் தோலை உரிச்சு அனுப்பறேன்” என்றான் டுவேன்.

“மெதுவா உரிங்க சார், மாமனார்கிட்ட கணக்குக் காட்டணும்” என்றான் ட்ரெவர். நல்ல பையன்தான். அவன்மேல் கோபப்பட மார்லிஸுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மூவரும் உள்ளே போனார்கள். கல்லில் தண்ணீர் சீறுவதும் டுவேனின் சிரிப்பும் முற்றம் வரை கேட்டன. முதல் சுற்று முடிந்ததும் கிளார்க் மட்டும் உடுத்திக்கொண்டு சமையலறைக்கு வந்தான். இதயத்துக்கு ஆகாது என்று டாக்டர் ஒரு சுற்றோடு நிறுத்தச் சொல்லியிருந்தார்.

“எங்க உக்காந்தான் பையன்?” காபியை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“மேல் பலகையில.”

மேல் பலகையில், அடுப்புக்கு நேர் எதிரே இருப்பது கிளார்க்கின் இடம். தேவாலயப் போதகர் வந்தபோதுகூட அவன் அதை விட்டுக்கொடுத்ததில்லை.

“நீ?”

“கீழ.” கிளார்க் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தான். “மேல ரொம்ப சூடு. எனக்கு வயசாச்சுல்ல.”

அவள் எதிரே உட்கார்ந்தாள். எங்கள் ஊரில் யாரும் இப்படி நேராகக் கேட்பதில்லை. கேட்டால் இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டிவரும். ஆனாலும் கேட்டாள்.

“கிளார்க், அந்த வேலையைக் குடுத்தாச்சா?”

“செவ்வாய்க்கிழமைதானே இன்டர்வியூ.”

“எனக்கும் நாள் தெரியும்.”

“மார்லிஸ், நான் மட்டும் முடிவு பண்றதில்ல. போர்டு இருக்கு. டுவேன் மாதிரி ஆள் எங்களுக்குக் கிடையாது, அது எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் அவனை ரோட்டை விட்டு எடுக்கவே மனசு வரல. அவனைத் தாண்டி இன்னொருத்தனைப் போடறதுக்குக் காரணம் சொல்லுன்னா என்னாலயே சொல்ல முடியாது. போர்டுலயும் ரெண்டு பேர் அதையேதான் கேக்கறாங்க.” அவன் குரலில் சோர்வு இருந்தது. உண்மையாகத்தான் சொன்னான். “பாக்கலாம்.”

அந்த ‘பாக்கலாம்’ அவளை அவசரப்படுத்தியது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் இவன் நம் பக்கம் சாய்ந்துவிடுவான் என்று நினைத்தாள். கட்டை தூக்கியவன். குழந்தையைக் கீழ்ப் பலகையில் பார்த்தவன்.

“அவனால இன்னொரு குளிர்காலம் ஓட்ட முடியாது, கிளார்க். இடது கை செத்துப் போயிடுது. எப்பன்னு சொல்ல முடியாது. வீட்டுல கோப்பை விழுது. நான்தான் விறகு பிளக்கறேன். ஏரி ரோட்டுல போன தடவை மாதிரி ஆச்சுன்னா...”

கிளார்க் கோப்பையைத் திருப்புவதை நிறுத்தினான்.

“போன தடவைன்னா?”

அவள் மேஜையில் இல்லாத ரொட்டித் துணுக்கைத் துடைத்தாள்.

“மார்ச்லயா? அது மான் இல்லையா அப்போ?”

வெளியே ட்ரெவர் ஐயோ என்று கத்துவதும் டுவேன் குளிர்ந்த தண்ணீரை அவன்மேல் கொட்டிவிட்டுச் சிரிப்பதும் கேட்டன. மார்லிஸ் மேஜைத் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“சவுனாவுல சொன்னதா வச்சுக்கோ” என்றாள்.

கிளார்க் அடுப்பைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். “நாம சமையலறையில உக்காந்திருக்கோம், மார்லிஸ்” என்றான். அதட்டலாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னான். எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டான். வாசல் வரை போனவன் திரும்பி, “நீ சொன்னது நல்லதுதான். யாராவது செத்துக்கித்துப் போயிருந்தா?” என்றான்.

அவன் முகத்தில் இப்போது சோர்வு இல்லை என்பதை அவள் கவனித்தாள். சாயங்காலம் மீனோடு இறங்கியபோது இருந்த ஏதோ ஒரு கனம் அவனை விட்டுப் போயிருந்தது. போர்டுக்குச் சொல்லக் காரணத்தை அவளே அவன் கையில் கொடுத்திருந்தாள்.

வண்டியிலிருந்து ஹார்ன் கேட்டது. ட்ரெவர் ஈரத் தலையோடு ஓடி ஏறினான். விளக்கு வெளிச்சம் சமையலறைச் சுவரில் ஒரு தடவை ஓடி மறைந்தது. அந்த வெளிச்சத்தில் முதல் பனித் துகள்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

டுவேன் தக்காளி மாதிரி சிவந்து, துண்டோடு உள்ளே வந்தான். “ரெண்டாவது சுத்துலயே ஓடப் பாத்தான் பையன்! ஆனா நல்லவன். அடுத்த சனிக்கிழமை கிளார்க்கோட வரியாடான்னேன், மாமனாரைக் கேட்டுச் சொல்றேங்கறான்.” ரொட்டியில் ஒரு துண்டு வெட்டினான். “இது என்ன, கிளார்க் காபியைத் தொடவே இல்ல? ரொட்டியும் அப்படியே இருக்கு. என்ன ஆச்சு அவனுக்கு?”

மார்லிஸ் கிளார்க்கின் கோப்பையை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள்.

“என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா? செவ்வாய்க்கிழமை பத்தி?”

கதவோரம் இருந்த சாம்பல் வாளியை எடுத்தாள். சாம்பலை மறுநாள் காலையில்தான் அள்ளுவார்கள். கல் இன்னும் நெருப்பாக இருக்கும்.

“மார்லிஸ்? இப்ப எதுக்கு அது? நீ அவன்கிட்ட ஏதாவது கேட்டியா?”

அவள் வாளியோடு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.