காலக்கோட்டில் ஒரு குழந்தைச் சட்டை

தன் பிள்ளையைத் தேடி வந்த ஒரு தாயை நான் பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. நீங்கள் என்னை நல்ல ஆசிரியை என்று கேள்விப்பட்டிருக்கலாம். கல்முனைப் பக்கத்தில் என்னிடம் வரலாறு படித்த பெண்பிள்ளைகள் இன்றும் கடைத்தெருவில் கண்டால் ஸலாம் சொல்லி நிற்பார்கள். அவர்கள் எவருக்கும் இது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவளுக்கும் தெரியாது...

அந்த ஆண்டு தரம் பத்து மாணவிகளைக் கொண்டு எங்கள் கரையோரத்தின் வரலாற்றை ஒரு காலக்கோடாகச் செய்வித்தேன். மண்டபத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கயிறு கட்டி, ஆண்டு வரிசைப்படி படங்களைத் தொங்கவிடுவது திட்டம். புத்தகத்தைப் பார்த்து எழுதினால் கிழித்துப் போடுவேன் என்று சொல்லியிருந்தேன். கேட்க வேண்டும், பார்க்க வேண்டும், பார்த்ததைப் பார்த்தபடி வரைய வேண்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு வரி கட்டாயம்: சொன்னவர் யார்? பார்த்தவர் யார்?

எவ்வளவு பெருமை எனக்கு அந்த இரண்டு வரியில்!

முதல் வேலையாக, தாய்வழிக் குடியைக் கேட்டு வரச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சப் பெயர் தாயிடமிருந்துதான் வரும். வீடும் மகளுக்குத்தான்; மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வார். ஆகவே உம்மாவின் அலமாரியைத் திறந்து, உம்மாவழியில் வந்த பழைய பொருள் ஒன்றைத் தேடி, அதன் கதையைக் கேட்டு வரையுங்கள் என்றேன். எல்லாப் பிள்ளைக்கும் தன் உம்மாதான் பெற்ற உம்மா என்று நான் எண்ணிக்கொண்டேன். சுனாமி அலை அடித்த கரையில் இருந்துகொண்டு அப்படி எண்ணியது எவ்வளவு பெரிய மடத்தனம்!

ஒருத்தி வெற்றிலைத் தட்டம் வரைந்தாள். ஒருத்தி நெல் அளக்கும் மரைக்கால் வரைந்தாள். ரிஸ்மியா ஒரு குழந்தைச் சட்டையை வரைந்து வந்தாள்.

பழைய சாரித் துணியில் தைத்த பச்சைச் சட்டை. மஞ்சள் இலைகள். கீழ் மடிப்பில் பாதி வரை பச்சை நூல், மீதி சிவப்பு நூல். தைத்தவளுக்குப் பச்சை நூல் தீர்ந்து போயிருக்க வேண்டும். அந்தப் பிள்ளை அந்தச் சிவப்பு நூலைத் தையல் தையலாக வரைந்திருந்தாள். கீழே எழுதியிருந்தாள்: 'சுனாமியில் அகப்பட்ட ஒரு குழந்தை அணிந்திருந்த சட்டை. குழந்தையின் சொந்தக்காரர் வந்து அழைத்துச் சென்றனர். சொன்னவர்: என் உம்மா. பார்த்தவர்: நான்.'

வகுப்பு முழுவதற்கும் அதைத் தூக்கிக் காட்டினேன். "வரலாறு எண்டா இதான்! நூலின்ட நிறத்தைக் கூடக் கூட்டாமக் குறைக்காம வெச்சிருக்காள் பாருங்க." ரிஸ்மியா வெட்கத்தில் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்காட்சிக்கு முதல்நாள் அவளுடைய உம்மா வந்தார். என்னைவிட மூத்தவர், ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு நின்றார்.

"டீச்சர், அந்தப் படத்தக் கழட்டிருங்க."

"ஏன் ராத்தா? பரிசு கிடைக்கப்போற படம்."

"சட்டைய அலமாரியில கண்டுட்டு இது ஆருட எண்டு கேட்டாள். வாயில வந்ததச் சொல்லிட்டன்..." சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "ஆரும் வந்து கூட்டிட்டுப் போகல்ல டீச்சர். அந்தப் பிள்ளைதான் இவள்."

அலை வடிந்த அன்று மாலை அவருடைய கணவர் தாழம் புதருக்குள்ளிருந்து தூக்கி வந்த குழந்தை. எந்த ஊர், எந்தச் சமயம், யார் பிள்ளை... ஒன்றும் தெரியாது. யாரும் தேடி வந்தால் கொடுத்துவிட வேண்டும் என்று கணவர் சொல்லியிருக்கிறார். ராத்தாதான் அவரைக் கெஞ்சி, இருந்த இடத்தை விட்டு எங்கள் ஊருக்குக் குடிவந்திருக்கிறார். விஷயம் அறிந்த உறவுகள் அலையோடு போய்விட்டன. இங்கே எல்லாரும் பெற்ற பிள்ளை என்றே நினைத்தார்கள். நாளைக்குக் கலியாணம் பேசி வருகிறவர்கள் முதலில் குடியைத்தான் கேட்பார்கள்.

அப்போதே கழற்றியிருக்க வேண்டும். இரண்டு முடிச்சு... அவ்வளவுதான்! ஆனால் அந்தப் படம் இல்லாமல் என் காலக்கோடு பல் விழுந்த வாய் போல இருக்கும் என்று தோன்றியது. "படத்தில பேர் இல்ல, முகம் இல்ல, ஒரு சட்டைதானே ராத்தா" என்று நாக்கு வலிக்கப் பேசினேன்.

ராத்தா மண்டபத்துக்குப் போய் அந்தப் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு, "சரி, கழட்ட வேணாம். இரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் பேச்சு வென்றுவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் அயல் பாடசாலைகளும் வந்தன. திருக்கோவிலிலிருந்து ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகள். அவர்களுக்குத் துணையாகச் சில தாய்மாரும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி காலக்கோட்டை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டே வந்து, பச்சைச் சட்டையின் முன்னால் நின்றுவிட்டாள். அவள் கூட்டி வந்த பிள்ளைகள் முன்னே போய்விட்டார்கள். அவள் நகரவில்லை.

ரிஸ்மியா பக்கத்தில்தான் நின்றாள். தன் படத்தை விளக்குவது அவள் பொறுப்பு.

"நீங்களா மகள் இதக் கீறின?"

"ஓம் அன்டி."

"இந்தச் சட்டைய உண்மையாக் கண்டிங்களா?"

"ஓம், எங்கட வீட்ட..."

நான் பாய்ந்து போனேன். "ரிஸ்மியா! பிரதம அதிதிட மேசையில பூ வெச்சாச்சா எண்டு பாத்துட்டு வா, ஓடு!"

அவள் ஓடினாள். சொன்னால் கேட்கிற பிள்ளை!

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "டீச்சர், அண்டைக்கு நான் பாண்டிருப்பில அக்காட வீட்ட நிண்டனான். கடலோரத்து வீடு. புள்ள என்ர கையிலதான் இருந்தது... என்ர சாரியக் கிழிச்சுத்தான் இப்படி ஒரு சட்டை தைச்சனான். பச்சை நூல் முடிஞ்சு போச்செண்டு சிவப்பால முடிச்சனான். இத உங்களுக்கு ஆரு சொன்னது? ஆரு கண்டது?"

யார் சொன்னது, யார் பார்த்தது... என் இரண்டு கேள்விகள்! நான் ஆண்டு முழுவதும் பிள்ளைகளின் மண்டையில் ஏற்றிய கேள்விகளை, என் முகத்தைப் பார்த்தே அவள் கேட்டாள்.

"அந்தப் பிள்ளையக் குருநாகல் பக்கத்துச் சொந்தக்காரர் வந்து, அத்தாட்சி எல்லாம் காட்டிக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க அக்கா" என்றேன்.

"சட்டைய ஒருக்காப் பாக்கலாமா?"

"அதையும் கொண்டு போய்ட்டாங்க. இவள் வாய்க்கதையக் கேட்டுக் கீறினது."

"அப்ப பார்த்தவர் நான் எண்டு எழுதியிருக்கே... இந்தச் சிவப்பு நூல்?"

"அது... பிள்ளை அழகுக்குப் போட்டது."

சொன்னேன்! என் வாயால் சொன்னேன். எந்த நூலுக்காக அவளை வகுப்பின் முன்னால் உயர்த்தினேனோ, அதே நூலைப் பொய் என்றேன்.

அவள் அழவில்லை. தாளின் அடியில் அந்தத் தையலை விரலால் ஒருமுறை தொட்டாள். "சரி டீச்சர். அழகாத்தான் கீறியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் போனாள். ரிஸ்மியா திரும்பி வந்து, "அந்த அன்டி எங்க டீச்சர்?" என்று கேட்டாள். போய்விட்டார் என்றேன். அது மட்டும் உண்மை.

ஏன் செய்தேன்? ராத்தாவின் மடியைக் காப்பாற்றத்தான் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளையின் எதிர்காலத்துக்காக என்றும் சொன்னேன். நீங்கள் நம்புவீர்களா? நானே பாதிதான் நம்பினேன். பிரதம அதிதி வரும் நேரம், மண்டபத்தில் ஓர் அழுகுரல் எழுந்தால் என் கண்காட்சி என்னாகும் என்ற பயமும் இருந்தது. இன்னும் ஒன்றிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் நெற்றியில் பொட்டு இருந்தது. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி முக்காட்டோடு வந்து அதே கேள்வியைக் கேட்டிருந்தால்... நான் குருநாகல் என்று சொல்லியிருப்பேனா? தெரியாது. தெரியாது என்று சொல்வதும் ஒரு தப்பிப்புத்தான்.

ஒருமுறை திருக்கோவிலுக்குப் போனேன். சந்தையடியில் இறங்கி, கோயில் வீதியால் கடற்கரை வரை நடந்தேன். பேர் தெரியாது; யாரிடம் என்னவென்று விசாரிப்பது? வாயைத் திறந்தால் அவ்வளவையும் சொல்ல வேண்டுமே! ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் அடுத்த பேருந்தில் திரும்பினேன்.

ரிஸ்மியாவுக்குக் கலியாணம் நடந்தது. குடி கேட்டார்கள்; ராத்தா தன் குடியைச் சொன்னார். மகளுக்கென்று ராத்தா கொடுத்த வீட்டில்தான் இன்றும் வாழ்கிறாள். பெருநாளைக்கு எனக்கு முதல் தட்டு அவள் வீட்டிலிருந்துதான் வரும். வாங்கிக்கொள்கிறேன். தின்னவும் செய்கிறேன்.

ராத்தா நோயில் விழுந்தபோது பார்க்கப் போனேன். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. ரிஸ்மியா குசினியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். ராத்தா என்னை அருகில் அழைத்தார்.

"டீச்சர், அண்டைக்குக் கண்காட்சியில... அந்தப் படத்தப் பாத்துட்டு ஆரும் வந்து கேட்டாங்களா?"

அவரைப் பயத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். "இல்ல ராத்தா. ஒருத்தரும் வரல்ல. பயப்படாதீங்க."

"பயமா?" ராத்தா தலையை அசைத்தார். "முதல்ல பயந்துதான் கழட்டச் சொன்னன். மறுகா அந்தப் படத்துக்கு முன்னால நிண்டு பாத்தன். அந்தத் தையலைக் கண்டா பெத்தவளுக்குத் தெரியும்தானே... நானாத் தேடிப்போக எனக்குத் தைரியம் இல்ல. அவளா வந்து கேட்டா புள்ளைய முன்னால விட்டு எல்லாத்தையும் சொல்லிருவன் எண்டு மனசில நிய்யத்து வெச்சித்தான் இரிக்கட்டும் எண்டு விட்டன். கண்காட்சி நடந்த மூணு நாளும் வீட்டுக் கதவடியிலேயே குந்தி இருந்தன் டீச்சர்..."

என் கடைசிச் சாக்கும் போயிற்று. ஒரு தாய் வாசலில் காத்திருந்தாள், ஒரு தாய் தேடி வந்தாள். நடுவில் நான் நின்றேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஓம், சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அந்த மெலிந்த முகம்... விலகிய போர்வையை இழுத்து மூடிவிட்டேன். இதைக் கேட்டால் அந்த மூச்சே நின்றுவிடும் என்று பயந்தேன்; என்னை எப்படிப் பார்ப்பார் என்றும் பயந்தேன்.

"அப்ப அவளும் அலையோட போய்ட்டாபோல" என்றார் ராத்தா. கண்ணோரம் நனைந்திருந்தது. "நான் அவள்ட புள்ளைய வெச்சிக்கிட்டு, அவளுக்கு ஒரு துஆக் கூட இதுவரைக்கும் கேக்கல்ல." இரண்டு கைகளையும் ஏந்தி, பெயர் தெரியாத அந்தப் பெண்ணின் மறுமைக்காக இறைஞ்சத் தொடங்கினார். நான் என்ன செய்வேன்? நானும் கையை ஏந்தினேன். திருக்கோவிலில் எங்கோ உயிரோடு உலை வைத்துக்கொண்டிருப்பவளுக்கு, இறந்தவர்களுக்கான துஆவில், ஆமீன் சொன்னேன்.

கஞ்சிக் கோப்பையோடு ரிஸ்மியா உள்ளே வந்தாள். நாங்கள் கையேந்தியிருப்பதைக் கண்டதும் கோப்பையைக் கீழே வைத்து, முக்காட்டை இழுத்துவிட்டு, யாருக்காக என்று கேட்காமல் அவளும் ஆமீன் சொன்னாள்.