சத்தியம் பண்ணாத இம்மானுவேல்

ஒரே ஒரு வார்த்தை. அதை மட்டும் அப்பன் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் கிணறு கைவிட்டுப் போயிருக்காது என்று ஜெயராஜ் இருபத்தாறு வருஷமாகப் பொருமிக்கொண்டிருந்தான். காட்டுப்பள்ளி துறைமுக கேட்டில் டிரெய்லரை நிறுத்திவிட்டு வரிசையில் கிடக்கும்போது பொருமுவான். வீட்டுக்கு வந்து போர் தண்ணீரில் முகம் கழுவும்போது, அந்தத் துரு வாடை மூக்கில் ஏற ஏற, இன்னும் கொஞ்சம் பொருமுவான். பக்கத்துத் தோட்டத்தில்தான் இருக்கிறது கிணறு. இளநீர் மாதிரி தண்ணி. ஆனால் அது பரசுராமனுடையது. சர்வேக்காரர் கல் நட்டுக் கொடுத்துவிட்டார்.

அந்த வார்த்தை சத்தியம். இம்மானுவேல் அதைச் சொல்ல மாட்டார். அவர் சபை அப்படி.

இம்மானுவேல் பிறந்தது ஆரணி ஆற்றுப் பக்கம், கூலிக்குப் போகிற குடும்பத்தில். இருபது வயசில் ஒரு வாத்தியார் வீட்டு ஜெபத்துக்குப் போக ஆரம்பித்தார். அங்கே போதகர் இல்லை, பாட்டு இல்லை, மைக் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பாயில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளே இருந்து ஏதாவது வந்தால் ரெண்டு வார்த்தை பேசுவார்கள். வராவிட்டால் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஊர் அதற்கு ‘உம்முனு சபை’ என்று பேர் வைத்தது. எந்த மனுஷனுக்கும் குனியக் கூடாது, எதற்காகவும் சத்தியம் பண்ணக் கூடாது, யாரையும் அடிக்கக் கூடாது என்பதெல்லாம் அந்தப் பாயில் உட்கார்ந்து அவர் கற்றுக்கொண்டது.

அந்தக் காலத்தில் நிலக்காரர் வரப்பில் வந்தால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். ஒருநாள் இம்மானுவேல் எடுக்கவில்லை.

“இன்னாடா, கை சுளுக்கா?”

“இல்லீங்க. கை நல்லாத்தான் கீது.”

அதோடு வேலை போச்சு. அடுத்த போகத்துக்கு அந்த ஊரில் யாரும் அவரைக் களை எடுக்கக்கூடக் கூப்பிடவில்லை.

புதுப் பெண்டாட்டி ஹெலனைக் கூட்டிக்கொண்டு எளாவூரைத் தாண்டி வந்தார். நிலம் இல்லாதவர்களுக்கு அரசாங்கம் அங்கே துண்டு துண்டாக இடம் கொடுத்தது. இடம் என்றால் கருவேலங்காடு. அதற்கு அந்தாண்டை ஆந்திரா. முதல் குடிசை இம்மானுவேல் போட்டது. அதே மாசம் செங்கல் சூளையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் ரெண்டாவது குடிசை போட்டவர்கள் பரசுராமனும் கங்கம்மாவும். ரெண்டு வருஷத்துக்கு அந்தக் காட்டில் அடுப்புப் புகை என்றால் இந்த ரெண்டு வீட்டுப் புகைதான்.

ஜெயராஜ் பிறந்தான். பிறகு கல்பனா பிறந்தாள். பரசுராமனை மாமா என்றும் கங்கம்மாவை அத்தை என்றும் கூப்பிட்டு வளர்ந்தார்கள். இம்மானுவேல் வேர்க்கடலை போட்டார், கம்பெனிகள் வந்த பிறகு ஒரு இரும்பு ஆலையில் வாட்ச்மேன் ஆனார். தடியைக் கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார். “திருடன் வந்தா இன்னா பண்ணுவ?” என்று மேஸ்திரி கேட்டதற்கு, “இன்னா வேணும்னு கேப்பேன்” என்றாராம். அதை வைத்து ஆலையில் பத்து வருஷம் சிரித்தார்கள்.

ஜெயராஜுக்குப் பதினெட்டு வயசில் ஹெலன் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். கிணற்றடியில் புதைத்தார்கள். சபை வழக்கப்படி கல் வைக்கவில்லை, பேர் எழுதவில்லை. கிணற்று மேடைக்குக் கிழக்கே எட்டு அடி. வீட்டார் மனசில் வைத்துக்கொண்டதுதான் அடையாளம்.

ரெண்டு வருஷம் கழித்து சர்வே வந்தது. கிணறு ரெண்டு இடத்துக்கும் நடுவில் சரியாக நின்றது. கோட்டை எந்தப் பக்கம் வளைக்கட்டும், நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள் என்றுவிட்டார் சர்வேக்காரர். பஞ்சாயத்து கூடியது. பரசுராமன் கற்பூரம் ஏற்றி, “இது நான் வெட்டின கெணறு. பொய்னா என் கண்ணு அவியட்டும்” என்று கையால் அடித்து அணைத்தான்.

“இம்மானுவேலு, நீ வெட்டினதுன்னு பைபிள் மேல கை வெச்சி சொல்லு” என்றார்கள்.

“நான் சத்தியம் பண்றதில்லீங்க.”

“அப்போ பொய்யா?”

“சத்தியம் பண்ணாத்தான் உண்மைன்னா, மத்த நாளெல்லாம் நான் பேசினது இன்னா?”

சிரித்தார்கள். ஜெயராஜ் முன்னால் பாய்ந்து, “நான் பண்றேன்” என்றான். அப்பன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “நீ அப்போ பொறக்கவே இல்லடா.”

கிணறு போயிற்று. ஹெலன் படுத்திருந்த இடமும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று. ஜெயராஜ் அன்றோடு பரசுராமனிடம் பேச்சை நிறுத்தினான். அப்பனிடமும் பாதி நிறுத்தினான். ஆனால் இம்மானுவேல் தினமும் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கிணற்றுக்குத்தான் போனார். பரசுராமன் தடுக்கவும் இல்லை, ஏறெடுத்துப் பார்க்கவும் இல்லை. ஜெயராஜ் அந்தத் தண்ணியைக் குடிக்க மாட்டான். கடன் வாங்கி போர் போட்டான். துருத் தண்ணி வந்தது.

இந்த வருஷம் தை மாசம் இம்மானுவேல் படுத்தார். எழுபத்தைந்து வயசு, நெஞ்சு முழுக்கச் சளி. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். கட்டிலில் சாய்ந்துகொண்டு, “ஹெலன் பக்கத்துல வைடா” என்றார். அவர் வாழ்க்கையில் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். ஜெயராஜ் லீவு சொல்லிவிட்டு வேலியைத் தாண்டிப் போனான்.

பரசுராமன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நாஷ்டா தின்றுகொண்டிருந்தான். “இன்னாபா, இருபத்தாறு வருஷம் கழிச்சி வழி தெரிஞ்சுதா?”

“மாமா, அப்பாவுக்கு அம்மா பக்கத்துல எடம் வேணும்.”

பரசுராமன் தட்டைக் கீழே வைத்தான். “என் பசங்க இந்த எடத்தை குடோன்காரனுக்குக் குடுக்கப் பாக்கறானுங்க. ரெண்டு சமாதி ஆயிடுச்சின்னா நாளைக்கி நீ வந்து எடம் எங்களுதுன்னு நிப்ப.”

“நிக்க மாட்டேன்.”

“கற்பூரம் அணைச்சி சொல்லு. உங்க அப்பன் மாதிரி வழுக்கினு போவாத.”

“நாளைக்கி காலைல வர்றேன், அணைக்கிறேன்” என்றான் ஜெயராஜ். அவனுக்கு என்ன? அவன் சபைக்குப் போய் இருபது வருஷம் ஆகிறது.

உள்ளே இருந்து கங்கம்மா குரல் வந்தது. “சாவக் கெடக்கிற மனுசன் புள்ளையாண்ட கற்பூரம் கேக்கிறான் பாரு. ஒரு தபா அணைச்சியே, பத்தலையா உனக்கு?”

வீட்டில் சொன்னதும் இம்மானுவேல் தலையை ஆட்டினார். “வேணாம்.”

“நைனா, இதுக்குமா?” ஜெயராஜ் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். “அன்னிக்கி அந்தாளு பொய் சத்தியம் பண்ணி எடுத்துக்கினான். இன்னிக்கி நான் நெஜத்தைத்தான் சொல்லப் போறேன். அதுவும் கூடாதா?”

“அவன் இன்னா பொய் சொன்னான்?”

“நான் வெட்டின கெணறுன்னான்.”

“அவனுந்தான வெட்டினான்.” இம்மானுவேல் இழுத்து இழுத்துப் பேசினார். “பதினெட்டு அடி வரைக்கும் நான். ஒரு கல்லு உருண்டு கால் மேல வுழுந்துச்சி, படுத்துட்டேன். மீதி பன்னெண்டு அடி அவன் எறங்கி வெட்டினான். கூலி வேலைக்கிப் போயிட்டு வந்து சாயங்காலத்துல. தண்ணி அவன் வெட்டினதுலதான் வந்துச்சி.”

ஜெயராஜ் கட்டில் காலை விட்டான். “அப்போ இதை பஞ்சாயத்துல சொல்றதுதான? ஆளுக்குப் பாதின்னு இருந்திருக்குமே.”

“இன்னா நடந்துச்சின்னு யாரு கேட்டா? சத்தியம் பண்றியா, பண்றியான்னுதான் கேட்டாங்க.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “யாரும் கேக்கலன்னாலும் நான் சொல்லியிருக்கணும். அது என் தப்புதான். நீ போய் வாயால சொல்லு. குடுத்தா குடுக்கட்டும். இல்லன்னா எளாவூர்ல பொது எடம் கீது.”

மறுநாள் காலையில் பரசுராமன் கிணற்று மேடையில் தட்டும் கற்பூரமுமாக உட்கார்ந்திருந்தான். தீப்பெட்டியை நீட்டினான். ஜெயராஜ் வாங்கவில்லை.

“எடம் கேட்டு வரமாட்டேன் மாமா. இது வெறும் பேச்சுதான். சத்தியம் வேணாம்னுட்டாரு.”

“வேற இன்னா சொன்னாரு?”

“பன்னெண்டு அடி நீங்க வெட்டினதுன்னாரு. நீங்க சொன்னது பொய் இல்லன்னாரு.”

பரசுராமன் தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். கங்கம்மா வந்து தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“பதினெட்டை நான் சொல்லாம வுட்டுட்டேன்பா” என்றான் கடைசியில். “கெழக்கால எட்டு அடி. எனக்குத் தெரியும். வெட்டிக்கோ.”

ஜெயராஜ் கிளம்பும்போது ஒரு குடம் தண்ணி இறைத்துத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். அப்பனுக்கு ஒரு டம்ளர் கொடுத்தான். தானும் ஒரு டம்ளர் குடித்தான். நடந்ததைச் சொன்னான். இம்மானுவேல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சபையில் உட்கார்ந்திருப்பதுபோல அப்படியே வெகுநேரம் இருந்தார். தூங்கிவிட்டார் என்று ஜெயராஜ் எழுந்தபோது கையைப் பிடித்தார்.

“குழிய நீ ஆரம்பி. கடைசி ரெண்டடி பரசுவ வெட்டச் சொல்லு. வயசாயிடுச்சி, முடியலன்னா ரெண்டு வெட்டு போதும். ஆனா அவன் கையால வெட்டணும்.”