சோலாருக்கு ஒரு பைப்

செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் காலனியில் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் முதலில் ரமாவைத்தான் கூப்பிடுவார்கள். மின்வாரியத்துக்குப் போன் செய்வது அப்புறம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுப்பவள். நான் அதே பள்ளியில் தமிழ் எடுக்கிறேன், அடுத்த வீட்டிலேயே குடியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவள் சொந்த வீட்டுச் சுவரில் ஒரு பைப் பதிக்க என்ன பாடு பட்டாள் தெரியுமா? நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வருடம் அவர்கள் வீட்டைப் புதுப்பித்தார்கள். ஏ.சி.யைப் போட்டால் விளக்கு மங்கும் பழைய வீடு. சுவரையெல்லாம் கொத்திப் புது ஒயர் இழுப்பதாக முடிவானது. வேலை முடியும்வரை பக்கத்துத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். ரமாவுக்கு வெகுநாளாக ஓர் ஆசை. ஓய்வு பெற்றதும் வரும் பணத்தில் மொட்டை மாடியில் சோலார் பேனல் வைத்து, தன் வீட்டுக் கரண்ட்டைத் தானே எடுக்க வேண்டும். வளையல் கேட்டாளா, வெளிநாட்டுப் பயணம் கேட்டாளா? மாடியிலிருந்து படிக்கட்டுக்கு அடியில் உள்ள மீட்டர் வரைக்கும் ஒரு காலி பைப், எர்த் கம்பிக்கு இன்னொன்று, மீட்டர் பக்கத்தில் இன்வெர்ட்டர் மாட்டக் கொஞ்சம் இடம். பின்னால் பேனல் வரும்போது கேபிளை உள்ளே இழுத்துக்கொண்டால் போயிற்று.

ஆனால் சுவர் மூடுவதற்குள் நடந்தாக வேண்டும். அவள் கணவர் ஸ்ரீரங்கன், பெயிண்ட் அடித்த சுவரில் காலண்டருக்கு ஓர் ஆணி அடிக்க விடாதவர். சுவர் மூடிவிட்டால் அவள் ஆசையும் அதோடு சரி.

கான்ட்ராக்டர் ஜெயகிருஷ்ணனிடம் ரமா எல்லாவற்றையும் விளக்கினாள். பைப் போகவேண்டிய வழியைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டே காட்டினாள். அவன் மாடு மாதிரித் தலையாட்டினான். கடைசியில், "சரி மேடம், சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றான்.

இந்த "சார்கிட்ட ஒரு வார்த்தை" இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டைல்ஸ் நிறத்திலிருந்து தாழ்ப்பாள் வரை எல்லாம் சார்தான் சொல்ல வேண்டும். சாருக்கோ ஃபேஸ் எது, நியூட்ரல் எது என்று தெரியாது. வங்கியில் உட்கார்ந்திருந்த சாருக்குப் போன் போட்டான். "சார், மேடம் சோலாருக்கு ஒரு பைப் கேக்கறாங்கோ." சார் என்ன சோலார், என்ன பைப் என்று கேட்கவில்லை. "போட்டுடுங்கோ" என்றார்.

அது பிராக்டிகல் தேர்வு சமயம். ரமா ஒரு வாரம் லேபை விட்டு நகர முடியவில்லை. தினமும் வீடு திரும்ப இருட்டிவிடும். "சோலார் பைப் போட்டாச்சா?" என்று போனில் கேட்பாள். "சூப்பரா போட்டாச்சு மேடம்" என்பான். தேர்வு முடிந்த சனிக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு பார்க்கப் போனாள். கூடத்துச் சுவர் பூசி, பட்டி தேய்த்து, வெள்ளை வெளேரென்று நின்றது. சாக்பீஸ் கோடு போன இடம் தெரியவில்லை. படிக்கட்டுக்கு அடியில் பைப்பின் வாயும் இல்லை.

"எங்கே?" என்றாள்.

ஜெயகிருஷ்ணன் பெருமையாக எங்களைக் குளியலறைக்கு அழைத்துப் போனான். மாடியிலிருந்து இறங்கி வந்த புத்தம்புது வெந்நீர்க் குழாய்! "சோலார்னா வெந்நீர்தானே மேடம்? நம்ம ஏரியால எல்லா வூட்லயும் அதுக்குத்தானே வுடுறோம்?"

எங்கள் பக்கத்தில் மாடிக்கு மாடி வெந்நீர் டேங்க் இருப்பது வாஸ்தவம். சோலார் என்றால் அதுதான் என்று ஆகிவிட்டது. தண்ணீர் போவதும் பைப், ஒயர் போவதும் பைப். சொல் குழப்பும்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவள் மீட்டர் வரைக்கும் கோடு போட்டுக் காட்டினாளே! மீட்டருக்கு எவனாவது வெந்நீர் ஊற்றுவானா? அவள் சொன்னது முழுதும் இவன் காதில் விழவே இல்லை. சார் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் விழுந்திருக்கிறது.

ஸ்ரீரங்கன் வந்தார். "இப்போ என்ன ஆயிடுத்து? வெந்நீர் வந்தா நல்லதுதானே. பேனல் வைக்கறச்சே வெளிச்சுவர்ல ஒயரை விட்டுக்கலாம், விடு."

"அப்போ வெளிச்சுவர்ல கிளிப் அடிக்க விடுவேளா?" என்றாள் ரமா.

அவள் ஜெயகிருஷ்ணனிடம் திரும்பி, "இந்தச் சுவரை உடைங்க" என்றாள்.

அவன் அவளைப் பார்க்காமல், "சார்?" என்றான்.

அங்கே இருந்த பட்டி வாளியை அவன் தலையில் கவிழ்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. ரமா கத்தவில்லை. கீழே கிடந்த சுத்தியையும் உளியையும் எடுத்தாள். பளபளத்த சுவரில், தான் கோடு போட்ட இடத்தை நினைவு வைத்துக்கொண்டு ஓங்கி அடித்தாள். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. ஸ்ரீரங்கன் "ஐயோ" என்றார். அவள் நிறுத்தவில்லை.

மேலிருந்து எலக்ட்ரீஷியன் தீனா ஓடிவந்தான். "குடுங்க மேடம், மிஷின்ல வெட்டிடலாம். எங்கிட்ட யாருமே சொல்லலியே" என்றான். அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு பைப்பும் சுவருக்குள் போயின. பிறகு கேபிளை இழுக்க வசதியாக உள்ளே ஒரு கம்பியும் விட்டு, மாடியில் வாயை மூடி வைத்தான். அதுவரை ரமா அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

வேலையெல்லாம் முடிந்து வீட்டில் ஒரு பூஜை வைத்தார்கள். ஸ்ரீரங்கனின் அண்ணா சூர்யநாராயணன் வந்திருந்தார். எங்களோடு மொட்டை மாடியைச் சுற்றிப் பார்த்தவர் மூடி போட்ட அந்தப் பைப்பைக் கண்டு, "இது என்னடா?" என்றார்.

"பின்னாடி சோலார் பேனல் வைக்கறதுக்குண்ணா" என்றார் ஸ்ரீரங்கன். "சுவர் திறந்திருக்கறப்பவே நாம யோசிச்சுச் செஞ்சுட்டா நல்லதுதானே?"

"பலே! முன்யோசனைக்காரன்டா நீ."

நாமாம்! எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் காபித் தட்டோடு ரமா மாடி ஏறி வந்திருந்தாள்.

"நாம இல்லை அண்ணா" என்றாள். "நான்."

ஸ்ரீரங்கன் தரையைப் பார்த்தார். அவள் தட்டை நீட்டி, "சர்க்கரை போதுமா, பாருங்கோ" என்றாள்.