கடல் தண்ணீரில் திரிந்த சோப்பு

எட்டாம் வகுப்பில் நான் விழுப்புரம் போகாமல் போனதற்கு என் வாய்தான் காரணம் என்று அத்தை இன்றைக்கும் சொல்கிறாள். நான் அதை ஒத்துக்கொண்டதே இல்லை.

மரக்காணத்தை ஒட்டிய எங்கள் குப்பத்திலிருந்து திண்டிவனம் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். பள்ளி அறிவியல் கண்காட்சியில் தேர்வாகிறவர்களை விழுப்புரத்தில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்புவார்கள். மீன் நாற்றம் என்று என் பக்கத்தில் உட்காராத பிள்ளைகள் பார்க்க, நான் அங்கே போயே தீர வேண்டும்.

உலகத்தின் முதல் உயிருக்குத் தோல் எப்படி வந்தது என்பது அறிவியல் டீச்சர் எனக்குக் கொடுத்த தலைப்பு. சோப்பில் இருக்கிற கொழுப்புத் துணுக்குகளுக்குத் தலை தண்ணீரைத் தேடும், வால் தண்ணீரைக் கண்டால் ஓடும். சோப்புக் கரைசலில் எலுமிச்சைச் சாற்றை அளவாக விட்டால், அவை வால்களை மறைத்துக்கொண்டு தாமாகவே சேர்ந்து குட்டிக் குட்டிப் பைகளாகிவிடும். முதல் உயிரும் இப்படி ஒரு பைக்குள்தான் குடிபுகுந்திருக்கும் என்கிறார்கள். கேன் தண்ணீரில் செய்து, பள்ளி மைக்ரோஸ்கோப்பில் அந்தப் பைகளைப் பார்த்த அன்றைக்கு எனக்குப் பசியே எடுக்கவில்லை.

"உயிர் கடலில் பிறந்தது" என்று அட்டையில் பெரிதாக எழுதினேன். வகுப்பில் ஒருத்தி அதைப் படித்துவிட்டு, "கடல்னு எழுதிட்டு கேன் தண்ணியில காட்டுற?" என்றாள். சுருக்கென்றது. கண்காட்சியன்று காலையில் ஒரு பாட்டில் நிறையக் கடல் தண்ணீரை மொண்டு எடுத்துக்கொண்டேன்.

மீன் கூடையோடு அதே பஸ்ஸில் வந்த அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதுல சோப்பு போட்டா திரிஞ்சி போவும்டி. நம்ம ஊர்ல எவளாவது கடல் தண்ணியில துணி தொவச்சிக்கினு இருக்காளா?"

"துணி வேற, உயிர் வேற அத்தை."

உயிர் விஷயத்தில் கடல் எனக்காகக் கொஞ்சம் இறங்கி வரும் என்று நம்பினேன். நடுவர் முன்னால் அது துளியும் இறங்கி வரவில்லை. கெட்டுப்போன பால் போல டம்ளர் முழுக்க வெள்ளைக் கட்டிகள். மைக்ரோஸ்கோப்பில் ஒரு பைகூட இல்லை. பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

நடுவர் நல்ல மனுஷர். "கேன் தண்ணியில பண்ணிக் காட்டும்மா. வந்துச்சின்னா நானே செலக்ட் பண்றேன்" என்றார். டீச்சர் அவசரமாகத் தண்ணீரை எடுத்து நீட்டினார்.

"மாட்டேன் சார். கடல்ல பொறந்ததுன்னு எழுதிக்கினு கேன் தண்ணியில காட்டுனா அது பொய்யி."

டீச்சர் கண்ணாலேயே கெஞ்சினார். நான் அசையவில்லை. விழுப்புரத்துக்கு ஒரு அட்டை எரிமலை போனது. 

கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன். உப்பு அந்தப் பைகளை நிலைக்க விடாதாம். அதனாலேயே, உயிர் கடலில் அல்ல, நிலத்திலிருந்த வெந்நீர்க் குட்டைகளில் பிறந்திருக்கலாம் என்று வாதாடுகிற விஞ்ஞானிகள் உண்டு. கடல்தான் என்கிறவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது.

அன்றைக்கோ எங்கள் கடல் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அந்த ஆத்திரத்தில் டம்ளரைக் கொண்டுபோய் பள்ளிக்கூடச் சாக்கடையில் கவிழ்த்தேன். அந்தக் கண்காட்சியில் யாருக்கும் விடை தெரியாத ஒரே கேள்வி அந்த டம்ளருக்குள்தான் இருந்தது என்பது நடுவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.