படிவத்தில் இல்லாத கேள்வி

அரச அலுவலக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் முள்ளியவளையில் எனக்குப் படிவம் நிரப்பும் வேலை ஓயவில்லை. இடம்பெயர்ந்து வந்திருந்த ஒரு விவசாயி, நாற்பது வயதுகூட ஆகாதவர், தனக்குப் பிறகு காணி மகளுக்குச் சேர எழுதித் தரக் கேட்டார்.

"ஐயா, இண்டைக்கே முடிச்சுத் தாங்கோ."

"ரெண்டு சாட்சி வேணும் தம்பி. அவசரத்துக்குச் சட்டத்தில இடமில்லை" என்று சொல்லிக்கொண்டே படிவத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன்.

மீன் விற்க வந்த றோசம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவர் படிவத்தைப் பார்க்கவில்லை. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, சாகிற எண்ணமோ?"

நான் பதறிப்போனேன். அந்த மனிதரோ, "ஓம் அக்கா" என்று உடைந்து அழுதார்.

"உங்கட சட்டத்தை அங்கால வையுங்கோ ஐயா, தேத்தண்ணி போடுங்கோ" என்றார் றோசம்மா.

தன் மீன் வெயிலில் கிடக்க, அந்த மனிதர் அழுது முடியும்வரை றோசம்மா அருகிலிருந்தார். பிறகு அவரோடு அவர் வீட்டுக்குப் போய், மனைவியிடம் சொல்லி, அங்கிருந்த பூச்சிமருந்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அயலவர்கள் முறைவைத்துப் போய்வந்தார்கள். இரண்டு போகம் கழிந்துவிட்டது, அந்த விவசாயி உயிரோடு இருக்கிறார். நான் கற்ற எந்தச் சுற்றறிக்கைக்கும் அந்த வல்லமை இருந்ததில்லை.

இப்போது யார் படிவத்தோடு வந்தாலும் பேனையை மூடிவிட்டு முகத்தைப் பார்க்கிறேன். ஐயம் வந்தால் றோசம்மா கேட்ட அதே கேள்வியை நேராகவே கேட்கிறேன். நாக்கு இன்னும் தடுமாறத்தான் செய்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.