இமிக்ரேஷனுக்கு அந்தப் பக்கம்

துபாயில் ஒரு பகல் மட்டும் வெளியே நிற்க வேண்டும், அதற்கு எந்த விசா சரிப்படும் என்று ஆறுமுகத்தாய் அக்கா கேட்டபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிராவல்ஸ் கடை வைத்திருக்கிறேன். தட்கல் டிக்கெட், பாஸ்போர்ட், விமானம் எல்லாம் என் ஒருவன் தலையில்தான். அக்காவின் மருமகன் கனடாவிலிருந்து டிக்கெட்டே போட்டு அனுப்பிவிட்டான். திருவனந்தபுரத்தில் ஏறி, துபாயில் விமானம் மாறி, டொரண்டோ போய் இறங்க வேண்டும். கனடா விசாவும் வந்தாயிற்று. மகள் யோகலட்சுமிக்குப் பிரசவம் பார்க்கப் போகிறவள் நடுவழியில் எதற்கு வெளியே வர வேண்டும்?

"அக்கா, ஏர்போர்ட்டுக்குள்ளயே இருந்து அடுத்த பிளேன் ஏறுனா ஒரு விசாவும் வேண்டாம். உக்கார சேர் உண்டு, தண்ணி உண்டு, பாத்ரூம் உண்டு. பேசாம உள்ளயே இருந்துட்டுப் போங்க" என்றேன்.

"உள்ள இருந்தா எனக்கு ஆகாது அண்ணாச்சி. வெளிய வரணும்."

"என்ன, நகை வாங்கப் போறியளோ?"

"நக்கலாக்கும்?" என்று முறைத்தாள். "எங்க வீட்ல அவிய அங்கனதான் நிக்காவ. கூப்பிட்டுட்டு வரணும்."

எங்க வீட்ல அவிய என்றால் அவள் புருஷன் மூக்காண்டி. அவர் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கடைக்காரன் என்பதால் என்னை அண்ணாச்சி என்பாள். ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் மாவு மில் வைத்திருக்கிறாள். மிளகாயில் கொஞ்சம் ஈரம் தட்டினாலும் போதும், "காய வச்சுக் கொண்டாறதுக்கு வெயிலுக்கா பஞ்சம்?" என்று வாளியோடு திருப்பி அனுப்பிவிடுவாள். அவள் வாய்க்குப் பயந்தே ஊரில் பாதிப்பேர் மிளகாயை இரண்டு நாள் கூடுதலாகக் காயப்போட்டார்கள். மூக்காண்டி துபாயில் கட்டட வேலைக்குப் பலகை அடிக்கிற தச்சர். கல்யாணமான மறுவருஷம் போனவர், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு மாதம் இருப்பார். மற்றபடி அவர்கள் குடும்பம் நடந்தது போனில்தான். அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு வேலையை நிறுத்தும்போது இங்கே மணி இரண்டு. இரண்டு மணிக்கு அக்கா மில்லை நிறுத்துவாள். எவ்வளவு கூட்டம் நின்றாலும் நிறுத்துவாள். மில் ஓடினால் போன் மணி கேட்காது.

கொரோனா சமயத்தில் லேபர் கேம்ப்பில் காய்ச்சல் கண்டு செத்துப்போனார். விமானம் ஓடாத நேரம். உடம்பு வரவில்லை, சாம்பலும் வரவில்லை. அங்கேயே எரித்துவிட்டோம் என்று கூட வேலை பார்த்தவர் ஒருவர் போனில் சொன்னார். இங்கே போட்டோவை வைத்துக் காரியம் செய்தார்கள். கருமாதி முடிந்த மறுநாள் அக்கா மில்லைத் திறந்தாள். இரண்டு மணிக்கு நிறுத்தினாள். போன் அடித்தது.

இதை அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், பேய் பிசாசு கதையெல்லாம் என்னிடம் எடுபடாது. ஆனால் ஒருநாள் மல்லிப் பொடி திரிக்கப் போனபோது நானே கேட்டேன். மில் நின்றதும் காது ஙொய் என்றிருந்தது. அவளுடைய பட்டன் போன் அடித்தது. திரையில் நம்பரே இல்லை. "நீங்களே எடுத்துப் பாருங்க" என்று என் கையில் கொடுத்தாள். பெரிய கூடத்தில் ஜனங்கள் நடக்கிற சத்தம், பெட்டிச் சக்கரம் உருளுகிற சத்தம், டிங் டாங் என்று ஒரு மணி. அப்புறம் ஒரு பெண் குரல் பயணிகள் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டது. என்னென்னவோ ஊர்ப் பேர்கள். பத்துப் பதினைந்து பேர் கூப்பிட்டதும் அறுந்துவிட்டது.

"நெட்வொர்க் கோளாறா இருக்கும்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நாலு வருஷமா கேக்கேன் அண்ணாச்சி. எல்லார் பேரையும் கூப்பிடுதாவ. அவிய பேர மட்டும் கூப்பிடல. பெட்டியத் தூக்கிட்டு நிக்காவ பாவம். யாராச்சும் கூப்பிட்டாத்தான வரமுடியும்?"

விசா கேட்டு வந்த அன்று கடையில் அதை ஞாபகப்படுத்தி ஒரு கிடுக்கிப்பிடி போட்டேன். "சரி, அண்ணன் ஏர்போர்ட்லதான நிக்காவ? அப்பம் நீங்க உள்ள இருந்தே கூப்பிடலாமே. விசா எதுக்கு?"

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அவிய என்ன பிளேன்ல வந்து எறங்குனவியளா? அந்த ஊருக்குள்ள செத்தவிய. டிக்கெட்டும் கிடையாது, பாஸ்போர்ட்டும் கம்பெனிக்காரன்ட்ட. இமிக்ரேஷன்ல அவியள எப்படி விடுவான்? அந்தப் பக்கந்தான் நிக்கணும். நான் இந்தப் பக்கம் உக்காந்து கத்துனா கேக்குமா?"

விசா வேலையில் இறங்கினேன். சுற்றுலா விசா இதற்குப் பெரிசு. வழியில் தங்குகிறவர்களுக்கென்று நாற்பத்தெட்டு மணி நேர விசா, தொண்ணூற்றாறு மணி நேர விசா என்று இரண்டு உண்டு. விமானக் கம்பெனி வழியாகக் கிளம்பும் முன்பே வாங்கிவிட வேண்டும். ஒரு தடவை உள்ளே போய் வெளியே வந்தால் அதோடு சரி. அவளுக்கு நாற்பத்தெட்டு தாராளம். ஆனால் டிக்கெட்டைப் பார்த்தபோது இன்னொரு சிக்கல். போகும்போதுதான் துபாயில் ஒரு பகல் முழுக்க இருந்தது. காலையில் இறங்கினால் மறுநாள் விடியலில்தான் கனடா விமானம். திரும்பி வரும்போது மூன்று மணி நேரம்கூட இல்லை, வெளியே வந்து போக முடியாது.

இதைச் சொன்னதும் அக்கா முகம் வாடிவிட்டது. "போகும்போது கூப்பிட்டா அவியளும் கனடாவுக்குல்லா வருவாவ?"

சிரிப்பு வந்தது எனக்கு. அவள் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தேதியை மாற்றச் சொல்லி மருமகனிடம் கேட்கட்டுமா என்றேன். செத்தவருக்காக டிக்கெட்டை மாற்று என்று எந்த மாமியார் சொல்லுவாள், விடுங்க என்றாள். கடைசியில் எழுந்தாள்.

"வரட்டும். கூடவே வந்து பேரப்பிள்ளையப் பாக்கட்டும். திரும்புத அன்னிக்கு அங்க ஏர்போர்ட்ல வச்சு இன்னொரு மட்டம் கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருதேன். எனக்கு வீட்டுக்கு வந்தாப் போதும் அண்ணாச்சி. செத்தாவது என் வீட்ல இருக்கட்டும்."

"பேரச் சொல்லணுமே அக்கா" என்றேன். ரேஷன் கடையில் புருஷன் பேர் கேட்டால்கூட, பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்லுகிறவள் அவள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று வளர்ந்த தலைமுறை.

"இனி என்னத்தக் குறைய?" என்றாள்.

விசா வந்தது. கிளம்புகிற அன்று அந்தப் பட்டன் போனை என் மேஜையில் வைத்தாள். வெளிநாட்டில் அது வேலை செய்யாது, மகள் வேறு போன் தருவாள் என்றாள். "ரெண்டு மணிக்கு அடிச்சா எடுங்க. யாரும் எடுக்கலன்னு நினைச்சுறக் கூடாது பாருங்க." சார்ஜரையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் அது அடித்தது. கடையில் யாரும் இல்லை. கையை வேட்டியில் துடைத்துவிட்டு எடுத்தேன். அதே கூடம், அதே சக்கரச் சத்தம், டிங் டாங். பேர்கள் வந்துகொண்டிருந்தன. நடுவில், மில் ஓடும்போது ஆள் கூப்பிடுகிற தொண்டையில், ஆறுமுகத்தாய் அக்காவின் குரல் கேட்டது.

"மூக்காண்டி! ஏ மூக்காண்டி!"

எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. என் காதுக்குள் யாரோ பேசுவதுபோல், ஓர் ஆண் குரல், மூச்சிரைக்க, "வாரேன்ட்டி" என்றது. போன் கையிலிருந்து நழுவி விழுந்தது. அன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து, தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னேன். அப்புறம் அது அடிக்கவே இல்லை.

ஆறு மாதம் கழித்து அக்கா வந்தாள். கனடாச் சாக்லேட் ஒரு பாக்கெட் கொண்டுவந்தாள். மெலிந்திருந்தாள்.

"அக்கா, துபாய்ல இருந்து இந்தப் போனுக்கு நீங்க பேசுனியளா?"

"எங்கிட்ட ஏது போன்? உங்ககிட்டல்லா குடுத்துட்டுப் போனேன்."

நான் கேட்டதைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "வாரேன்னாவளா? எனக்குக் கேக்கலியே அண்ணாச்சி. நான் பாட்டுக்குக் கத்துனேன். போலீசுக்காரன் வந்து என்னன்னு கேட்டான், மகனத் தேடுதேன்னு பொய் சொன்னேன். எப்படிச் சொன்னாவ? இன்னொரு தடவ சொல்லுங்க." சொன்னேன். இன்னொரு தடவையும் சொல்லச் சொன்னாள்.

"இப்பம் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டியள்லா?" என்று கேட்டேன்.

தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"டொரண்டோ ஏர்போர்ட்டுக்கு யோகு பிள்ளையத் தூக்கிட்டு வழியனுப்ப வந்தா. அவிய பின்னாலயே நிக்காவன்னு எனக்குத் தெரியும். அந்த ஆறு மாசமும் வீட்டுக்குள்ள இருந்தாவ. பிள்ள அழுதா, நான் எந்திரிக்கும் முன்ன தொட்டில் ஆடும். யோகு ரெண்டு தடவ பாத்துட்டு என்னயத் திட்டுனா, ஏம்மா காத்தடிக்க சன்னலத் தொறந்து வைக்கியன்னு. அந்தக் குளுர்ல எவ சன்னலத் தொறப்பா?" கண்ணைத் துடைத்தாள். "உள்ள போற நேரம் வந்துட்டு. பேரச் சொல்ல வாயத் தொறந்தேன். பிள்ள எந் தோளுக்கு மேல யாரையோ பாத்துப் பொக்க வாயால சிரிக்கி. அப்படியே வாய மூடிக்கிட்டேன். யோகு பொறந்து நடக்கையிலதான் அந்த மனுசன் வந்து பாத்தாவ. பச்சப்பிள்ள சிரிச்சு அவிய பாத்ததே இல்ல அண்ணாச்சி. எப்படிக் கூப்பிட? இருக்கட்டும்னு விட்டுட்டு வந்துட்டேன்."

"மனசார விட்டியளா?"

"எங்க மனசார? பிளேன்ல பூராவும் அவியள ஏசிக்கிட்டேதான் வந்தேன். செத்த பெறவும் வெளிநாடுதானா உமக்குன்னு."

நான் டீ சொன்னேன். அவள் குடிக்கவில்லை. போனை எடுத்து மடியில் செருகிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணு ஆயிட்டா?"

"ஏங்க்கா இப்படிப் பேசுதிய? மக இருக்கா, மருமகன் இருக்கான்."

"மகளும் மருமகனும் கனடாலருந்து வந்து சேருததுக்குள்ள எல்லாம் முடிஞ்சுரும். தனியா இருக்கவ. எங்கனயாச்சும் தெச தெரியாம நின்னுட்டேன்னா என்னய யாரு கூப்பிடுவா? உங்களுக்கு எம் பேரு தெரியும்லா?"

"தெரியும்."

"ஒரு தடவ கூப்பிட்டுக் காட்டுங்க."

"ஆறுமுகத்தாயக்கா."

"அக்கா வேண்டாம். வெறும் பேரு."

மூத்தவளை எப்படிப் பேர் சொல்லுவது? புளியங்குடிக்காரர் இரண்டு பேர் டிக்கெட்டுக்காக உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூச்சமாக இருந்தது. எழுந்து நின்று, மெல்ல, "ஆறுமுகத்தாய்" என்றேன்.

"சத்தமா."

"ஆறுமுகத்தாய்!"

"இந்தா இருக்கேன்" என்றாள்.