ஓம் என்றால் என்ன பொருள்?

புரோகிராம் எழுதுகிறவரைத் திட்ட நாலு பேருக்குத்தான் தகுதி உண்டு. அதற்கு விளக்கம் எழுதுகிறவரைப் படிக்கத் தெரிந்த எவரும் திட்டலாம். என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புதிதல்ல. பெரிய கணினிகளில் பல புரொசஸர்கள் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதற்கென்று ஒரு நினைவகம். எந்தத் தரவை எதன் பக்கத்தில் வைப்பது என்று சொல்லும் கட்டளைகளை எழுதியவர், பலெர்மோவில் ஓர் ஆய்வுகூடத்தில் என் எதிர் மேசைக்காரி ரொசாரியா. விளக்கம் எழுதியது நான். அவர் சரியென்றால்தான் என் ஒப்பந்தம் நீளும். அது நீண்டால்தான் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே வாழும் அனுமதி, கிடைக்கும்.

லேஞ்சியும் கதிரையும்

நினைவகத்தைக் கேட்டவுடன் இடம் ஒதுக்கப்படுவதில்லை. எந்தப் புரொசஸர் முதலில் தொடுகிறதோ, அதன் பக்கத்தில்தான் இடம் விழும். இதற்கு ஓர் உதாரணம் வேண்டும் என்றார் ரொசாரியா. தேவாலயத்தில் எங்கள் தமிழ்ப் பூசைக்கு வரும் சனம் கதிரையில் லேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, போட்டு இடம் பிடிப்பதைச் சொல்லிவிட்டு மிதப்பாக இருந்தேன். அவர் சிரித்தார், யோசித்தார், பிறகு வெட்டிவிட்டார். ஏமாற்றம்தான், ஆனாலும் அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்துப்போனது.

"லேஞ்சி போட்டால் எந்தக் கதிரை என்று தெரிந்துவிடும். இங்கே ஆள் வந்து உட்காரும் வரைக்கும் கதிரையே இல்லை."

கபோச் சந்தை மீன்

'கட்டளை வெற்றி என்று பதில் தந்தால், தரவு கேட்ட இடத்தில் இருக்கும்' என்று எழுதினேன். ரொசாரியா வெட்டினார். மாற்றி எழுதினேன், மறுபடி வெட்டினார். வெற்றி என்றால் வெற்றிதானே என்று எனக்கு எரிச்சல். அன்று பின்னேரம் கணவர் அந்தோனிக்குப் போன் எடுத்து, வரும் வழியில் கபோவில் மீன் வாங்கச் சொன்னேன். "ஓம்" என்றார், எங்கள் ஊர்ப் பேச்சில் 'ஆமாம், சரி'. கையை வீசிக்கொண்டு வந்தார். மீன் எங்கே என்று கேட்டதற்குக் கொஞ்சமும் கூச்சமில்லாத பதில்.

"ஓம் எண்டால் நீர் கதைச்சது கேட்டது எண்டு அர்த்தம். வாங்கிக்கொண்டு வாறன் எண்டு நான் சொல்லேல்லையே."

ஸ்ட்ரிக்ட்

ரொசாரியா வெட்டியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. மறுநாள் திருத்தி எழுதினேன்: வெற்றி என்றால் முயற்சி நடக்கும் என்றே பொருள், இடம் இல்லாவிட்டால் தரவு வேறெங்காவது போகும், அங்கேயேதான் வேண்டுமென்றால் 'ஸ்ட்ரிக்ட்' என்ற குறியைச் சேர்க்க வேண்டும், அப்போது முடியாததை முடியாது என்று கட்டளை நேராகச் சொல்லிவிடும். ரொசாரியா ஒரு சொல்லிலும் கை வைக்கவில்லை.

அந்தத் துணிச்சலில் ஆய்வுகூட இயக்குநரிடம் ஒப்பந்தம் பற்றிக் கேட்டேன். தாழ்வாரத்தில் நடந்துகொண்டே "வா பேனே", சரி சரி, என்றார். ஓடிவந்து ரொசாரியாவிடம் சொன்னேன். அவர் முகம் மலரவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போய், கையெழுத்து விழும் வரைக்கும் மேசை முன்னால் நின்றிருக்கிறார். திரும்பிவந்து அதை என் முன்னால் வைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அவர் உனக்குச் சொன்னது வெறும் வெற்றி. இப்போது ஸ்ட்ரிக்ட் போட்டாயிற்று."

இப்போதெல்லாம் மீன் வாங்கச் சொல்லும்போது நானும் கடைசியில் 'ஸ்ட்ரிக்ட்' என்று சேர்த்துக்கொள்கிறேன். அந்தோனி அதற்கும் "ஓம்" என்கிறார்.